முப்பத்தொன்பது பாகைக் காய்ச்சலும் மூத்தம்மாவின் சுண்டும்

கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையாக வாசியுங்கள். நோன்பு வருவதற்கு முன் ஊராரோடு பேசிவிட வேண்டும் என்று நாம் நினைத்திருந்த விடயம்.

போன மழைக் காலத்தில் எங்கள் ஏழாம் வகுப்புப் பிள்ளை ஒன்று நான்கு நாள் பாடசாலைக்கு வரவில்லை. ஐந்தாம் நாள் வைத்தியசாலைக்குப் பார்க்கப் போனோம். டெங்கு. சேலைன் ஏறிக்கொண்டிருந்தது. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்த உம்மா எங்களைக் கண்டதும் அழத் தொடங்கிவிட்டார். "டீச்சர், மொத நாளே மெசின வெச்சுப் பார்த்தன். முப்பத்தொன்பதுதான் காட்டின. நூறத் தாண்டினாத்தானே காய்ச்சல், இது ஒண்டுமில்ல எண்டு நெனச்சிட்டன்."

அந்த உம்மா படிக்காதவர் அல்ல. சாதாரண தரம் சித்தியடைந்தவர், பிள்ளைகளின் வீட்டு வேலையைத் தானே பார்த்துக் கொடுப்பவர். ஆனால் அவர் வளர்ந்த வீட்டில் காய்ச்சல் என்பது பரனைற்று அளவு. 98.4 என்றால் சுகம், 100 என்றால் காய்ச்சல், 102 என்றால் டொக்டரிடம் ஓட வேண்டும். கொரோனாக் காலத்தில் வாங்கிய டிஜிட்டல் மானி செல்சியசில் காட்டியது. செல்சியசில் 37தான் சுகமான உடம்பு. 39 என்பது பரனைற்றில் 102ஐயும் தாண்டியது. இந்த ஒரு கணக்கு தெரியாததால் ஒன்றரை நாள் போய்விட்டது. அல்ஹம்துலில்லாஹ், பிள்ளை எழும்பி வந்து இப்போது முன் வரிசையில் இருந்து கதைத்துக்கொண்டே இருக்கிறது.

அன்று வீட்டுக்கு வரும் வழியெல்லாம் எங்களுக்கு ஒரே யோசனை. செல்சியசும் பரனைற்றும் ஏழாம் எட்டாம் வகுப்பில் நாங்களே படித்துக் கொடுப்பவை. பிள்ளைகள் சோதனையில் மாற்றி எழுதிப் புள்ளியும் எடுக்கிறார்கள். அந்தக் கணக்கு ஏன் வகுப்பறைக் கதவைத் தாண்டி வீட்டுக்குள் போகவில்லை?

அடுத்த வாரம் வகுப்பில் ஒரு வேலை செய்து பார்த்தோம். கரும்பலகையைக் காட்டி இது எவ்வளவு நீளம் என்று கேட்டோம். "எட்டடி டீச்சர்" என்று ஒரே குரலில் பதில். மீற்றரில்? அமைதி. ஒரு மீற்றருக்கு எத்தனை சென்ரிமீற்றர் என்று கேட்டால் மட்டும் நித்திரையில் எழுப்பினாலும் நூறு என்பார்கள். உங்கள் உயரம் என்ன என்றால் நான்கடி எட்டு, ஐந்தடி என்றுதான் வந்தது. நிறை கேட்டால் எல்லாரும் கிலோவில் சொன்னார்கள். ஏன் நிறை மட்டும் கிலோவில் வருகிறது? கடையில், ஆஸ்பத்திரியில், மீன் சந்தையில் எல்லாம் கிலோதான் இருக்கிறது. அடியை அவர்கள் வாப்பாவிடமும் மேசன்மாரிடமும் கேட்கிறார்கள். பிள்ளை படிப்பது புத்தகத்தில் இருப்பதை அல்ல, வீட்டில் பேசுவதைத்தான்.

நாடு மீற்றர் முறைக்கு மாறத் தொடங்கியது எழுபதுகளில். இந்தப் பதிவை எழுதும் நாம் பிறப்பதற்கு முன்பே. 1995ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டப்படி அதற்கென்று ஒரு திணைக்களமே இருக்கிறது, அளவீட்டு அலகுகள், நியமங்கள் மற்றும் சேவைகள் திணைக்களம். வியாபாரத் தராசுகளும் படிகளும் வருடாவருடம் முத்திரையிடப்பட வேண்டும் என்பதும் சட்டம். பேப்பரில் எல்லாம் சரி.

வாழ்க்கையில் பாதிக் கிணறுதான் தாண்டியிருக்கிறோம். கடைத்தெரு மாறிவிட்டது. எங்கள் மூத்தம்மாமார் கால் றாத்தல் மிளகாய், அரை றாத்தல் சீனி என்று வாங்கியவர்கள். அவர்களே பிறகு "நூறு கிராம் பச்ச மொளகா தா மகன்" என்று கேட்டார்கள். யாரும் வகுப்பு நடத்திப் படிப்பிக்கவில்லை. கடைக்காரர் தராசை மாற்றினார், விலைப் பலகையை மாற்றினார், மூத்தம்மா ஒரு மாதத்தில் மாறிவிட்டார். "வயசானவங்களுக்கு இதெல்லாம் வெளங்காது" என்று இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருப்பவர்களுக்கு இது ஒன்றே பதில். பெற்றோல் கலனில் இருந்து லீற்றருக்குப் போனது, நாம் போய்விட்டோம். கட்டைகள் கிலோமீற்றர் ஆயின. மூன்றாம் கட்டை, ஐந்தாம் கட்டை என்று ஊர்ப் பெயர்கள் மட்டும் மைல் கணக்கிலேயே நின்றுவிட்டன. அது அழகு, அப்படியே இருக்கட்டும். காசை எடுத்துக்கொள்ளுங்கள். இந்த நாட்டில் ரூபாய்க்கு நூறு சதம் என்று பத்தின் கணக்கு 1872இலேயே வந்துவிட்டது. யாருக்காவது அது கஷ்டமாக இருக்கிறதா?

சிக்கல் பழைய அளவில் இல்லை. புதிய அளவிலும் இல்லை. ஒரே வேலைக்குள் இரண்டும் கலந்து நிற்பதுதான் சிக்கல். யாருக்கு இரண்டும் தெரியுமோ அவர் கையில் இலாபம் இருக்கும், யாருக்கு ஒன்று மட்டும் தெரியுமோ அவர் தலையில் நட்டம் விழும்.

ஒரு வீடு கட்டுவதைப் பாருங்கள். காணி பேர்ச்சஸில். அத்திவாரம் அடியில். கம்பி மில்லிமீற்றரில், குழாய் அங்குலத்தில், சீமெந்து 50 கிலோப் பையில். மணல் "கியூப்" கணக்கில். கியூப் என்றால் என்னவென்று கட்டுவிப்பவரிடம் கேட்டுப் பாருங்கள், பாதிப் பேருக்குத் தெரியாது. 100 கன அடி. மீற்றரில் சொன்னால் ஏறத்தாழ 2.83 கன மீற்றர். லொறிப் பெட்டியின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் அளந்தால் கியூப் நிரம்பியிருக்கிறதா என்று யாரும் பார்த்துவிடலாம். யாரும் அளப்பதில்லை. லொறிக்காரர் சொன்னார், நாம் நம்பினோம்.

மாபிள் பதித்தவர்களுக்கு இன்னொரு கதை தெரியும். "ரெண்டுக்கு ரெண்டு" என்று சொல்லித்தான் வாங்குகிறோம். பெட்டியைத் திருப்பிப் பாருங்கள், 60க்கு 60 சென்ரிமீற்றர் என்று போட்டிருக்கும். இரண்டடி என்பது 60.96 சென்ரிமீற்றர். ஒரு சென்ரிமீற்றர்கூட இல்லையே என்று தோன்றும். இருபதடி நீள அறைக்குப் பத்து மாபிள் போதும் என்று கணக்குப் போட்டால், கடைசியில் பத்து சென்ரிமீற்றர் அளவுக்கு இடைவெளி நிற்கும். அதற்கு ஒரு வரிசை மாபிளை வெட்டிப் போட வேண்டும், அதற்காக இன்னொரு பெட்டி வாங்க வேண்டும். எங்கள் வீட்டில் நடந்ததைத்தான் சொல்கிறோம். கணிதம் படிப்பிக்கிற வீட்டிலேயே இப்படி.

காணிக்கு வருவோம். இது சிரிக்கிற விடயம் இல்லை. எங்கள் பக்கம் கடலுக்கும் வயலுக்கும் இடையில் இருக்கிற ஒடுக்கமான துண்டில்தான் முழு ஊரும் வாழ்கிறது. பிள்ளைகளுக்குப் பிரித்துப் பிரித்து இருபது பேர்ச்சஸ் பத்தாகி, பத்து ஆறாகி நிற்கிறது. பழைய உறுதிகளில் வடக்கு தெற்கு இத்தனை பாகம், கிழக்கு மேற்கு இத்தனை பாகம் என்றுதான் எழுதியிருக்கும். பாகம் என்பது இரண்டு கையையும் விரித்த நீளம். கணக்கில் ஆறடி. ஆனால் யாருடைய கை?

பத்துப் பாகத்துக்குப் பதினைந்து பாகம் என்று ஒரு வளவு இருக்கிறதாக வைத்துக்கொள்வோம். பாகத்துக்கு ஆறடி என்றால் 60 அடிக்கு 90 அடி, 5400 சதுர அடி, கிட்டத்தட்ட 19.8 பேர்ச்சஸ். அதே வளவை ஒருவர் கையை விரித்து, பாகம் ஐந்தரை அடி என்று அளந்து வேலி போட்டால் 55க்கு 82½ அடி, 16.7 பேர்ச்சஸ்தான் வரும். பாகத்துக்கு அரையடி குறைந்ததில் மூன்று பேர்ச்சஸுக்கு மேல் போய்விட்டது. நீளத்தில் சிறிய பிழை பரப்பில் இரட்டிப்பாகும் என்று எட்டாம் வகுப்பில் படிப்பிப்பதுதான் இது. மூன்று பேர்ச்சஸ் இன்றைக்கு எவ்வளவு போகிறது என்று உங்களுக்கே தெரியும்.

நில அளவையாளர் போடும் படத்தில் இப்போதெல்லாம் ஹெக்டயர்தான். 0.0253 ஹெக்டயர் என்று போட்டிருந்தால் அது பத்துப் பேர்ச்சஸ். அந்தத் தசமப் புள்ளிக்குப் பின்னால் நிற்கிற பூச்சியத்தைப் பார்த்ததும் எங்கள் உம்மாமாருக்கும் ராத்தாமாருக்கும் தலை சுற்றிவிடும். "நானாட்டக் குடுங்க, அவர் பார்ப்பார்" என்று கொடுத்துவிடுவார்கள். நானாமார் எல்லாரும் அநியாயக்காரர் என்று நாம் சொல்ல வரவில்லை. ஆனால் வாரிசுப் பங்கு பிரிக்கும்போது கையெழுத்துப் போடுகிற பெண் தன் பங்கு எவ்வளவு என்று தானே வாசித்தறிய முடியாமல் இருப்பது சரியா? மார்க்கம் அவளுடைய பங்கை நிர்ணயித்துத் தந்திருக்கிறது. அரையா, மூன்றில் ஒன்றா, எட்டில் ஒன்றா என்று பின்னமாக, கணக்காகத் தந்திருக்கிறது. அந்தப் பின்னத்தை எதோடு பெருக்குகிறோம் என்று தெரியாவிட்டால் என்ன பயன்?

ஹெக்டயரைச் சதுர மீற்றராக்கிச் சொன்னால் இலகு. 0.0253 ஹெக்டயர் என்றால் 253 சதுர மீற்றர். ஹெக்டயரைப் பத்தாயிரத்தால் பெருக்குங்கள், அவ்வளவுதான். ஒரு பேர்ச்சஸ் 25.3 சதுர மீற்றர், அதாவது ஐந்து மீற்றருக்கு ஐந்து மீற்றர் ஓர் அறையை விடச் சற்றுப் பெரிது. ஐந்து மீற்றர் எவ்வளவு என்று முற்றத்தில் கோடு போட்டுக் காட்டினால் எந்த உம்மாவுக்கும் விளங்கும்.

இனி நோன்பு விடயம். இதற்காகத்தான் இந்தப் பதிவே.

ஒவ்வொரு வருடமும் கடைசிப் பத்தில் எங்கள் ஊரில் ஒரு சர்ச்சை வரும். பித்ரா ஒரு ஆளுக்கு எவ்வளவு? ஒரு பள்ளியில் 2.4 கிலோ என்று அறிவித்தல் வரும். அடுத்த பள்ளியில் 2.5 என்பார்கள். வேறொருவர் பேணுதலுக்கு 3 கிலோ கொடுங்கள் என்பார். உடனே பேஸ்புக்கில் யார் சரி, யார் வழிகேடு என்று சண்டை தொடங்கிவிடும். ஆளுக்கு ஆள் திட்டிக்கொள்ளும் இந்த அரைக் கிலோ வித்தியாசம் எங்கிருந்து வருகிறது என்று மட்டும் யாரும் பார்ப்பதில்லை.

ஸாஉ என்பது நிறை அல்ல, கொள்ளளவு. நான்கு முத்து ஒரு ஸாஉ. முத்து என்றால் நடுத்தரமான ஒருவர் இரு கையையும் சேர்த்து அள்ளுகிற அளவு. பாத்திரத்தால் அளக்கிற ஒன்றைக் கிலோவுக்கு மாற்றும்போது, எதை அளக்கிறோம் என்பதைப் பொறுத்து நிறை மாறும். பேரீச்சம்பழம் ஒரு நிறை, கோதுமை ஒரு நிறை, அரிசி ஒரு நிறை. அரிசிக்குள்ளேயே சம்பா ஒரு மாதிரி, நாடு ஒரு மாதிரி, புழுங்கல் ஒரு மாதிரி, பச்சை ஒரு மாதிரி. தட்டி நிரப்பினால் ஒரு நிறை, தட்டாமல் நிரப்பினால் இன்னொரு நிறை. ஆகவே 2.4 என்று சொன்னவரும் பொய் சொல்லவில்லை, 2.5 என்று சொன்னவரும் பொய் சொல்லவில்லை. இதற்காக ஸலாம் சொல்வதை நிறுத்திய காக்கா தம்பிமாரை எமக்குத் தெரியும்.

நாம் பத்வா கொடுக்க வரவில்லை. எத்தனை கிலோ என்று தீர்மானிப்பது உலமாக்களின் வேலை. எங்கள் வேலை வேறு. எத்தனை கிலோ என்று தீர்மானித்த பிறகும் வீட்டில் அதைச் சுண்டால்தானே அளக்கிறார்கள், அதைப் பற்றித்தான் பேசுகிறோம்.

போன நோன்புக்கு முன் வகுப்புப் பிள்ளைகளிடம் உங்கள் வீட்டுச் சுண்டைக் கொண்டுவாருங்கள் என்றோம். வந்தவற்றைப் பார்த்து எங்களுக்கே சிரிப்பு. ரின்பால் பேணி, பழைய பித்தளைச் சுண்டு, பிளாஸ்ரிக் கப், பால்மா டின், கைபிடி உடைந்த தேத்தண்ணிக் கோப்பை, எல்லாவற்றுக்கும் வீட்டில் பெயர் சுண்டுதான். ஒரே அரிசியை எல்லாவற்றிலும் தலைதட்டி அளந்து, விஞ்ஞான ஆய்வுகூடத் தராசில் வைத்தோம். 200 கிராமுக்குச் சற்று மேலே ஒன்று, 300 கிராமைத் தொட்டது ஒன்று. நான்கு சுண்டு ஒரு கொத்து, ஒரு கொத்து ஒரு கிலோ என்றுதான் நாமெல்லாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். பத்துச் சுண்டு அளந்து பித்ரா கொடுக்கிற இரண்டு வீடுகளை எடுங்கள். ஒரு வீடு இரண்டு கிலோவும் கொஞ்சமும் கொடுக்கிறது, மற்ற வீடு மூன்று கிலோ கொடுக்கிறது. இரண்டு வீட்டுக்கும் தாங்கள் கொடுத்தது எவ்வளவு என்று தெரியாது. பள்ளி அறிவித்தலில் 2.4ஆ 2.5ஆ என்று நூறு கிராமுக்குச் சண்டை பிடிக்கிறோம், அடுப்படியில் எழுநூறு, எண்ணூறு கிராம் போய்வந்துகொண்டிருக்கிறது.

சிரிப்பு அடங்கியதும் ஒரு பிள்ளை கேட்ட கேள்வி எங்களைச் சுட்டது. "டீச்சர், கொறஞ்ச சுண்டு எங்கடதான். அப்ப நாங்க இவ்வளவு வருசமும் குடுத்த பித்ரா கூடுமா?" கூடும் மகள், தெரியாமல்தானே என்று சொல்லி வைத்தோம். சொல்லும்போதே நமக்குள் ஓர் எண்ணம், வாங்கினவர்கள் வீட்டிலும் யாராவது இதை நினைத்திருப்பார்களா என்று.

நெல் ஸகாத்துக்கும் இதே ஸாஉதான் அடி. 300 ஸாஉ வந்தால் ஸகாத் கடமை. ஸாஉ 2.4 கிலோ என்றால் 720 கிலோ. 2.5 என்றால் 750. மூன்று என்றால் 900. (உமியோடு அளப்பதா, உமி நீக்கி அளப்பதா என்பது வேறு பேச்சு.) பித்ராவுக்குப் பெரிய ஸாஉவை எடுத்தால் ஏழைக்கு நன்மை, நெல்லுக்கும் அதே பெரிய ஸாஉவை எடுத்தால் விவசாயி தப்பிக்கொள்வான். பித்ராவுக்கு ஒரு கணக்கும் நெல்லுக்கு இன்னொரு கணக்கும் சொல்கிற இடங்களும் உண்டு. எல்லாரும் ஒரு மேசையில் உட்கார்ந்து, ஒரே எண்ணைக் கிலோவில் எழுதிவிட்டால் நல்லது. வயல்காரர்களிடம் மூடைக் கணக்கு வேறு இருக்கிறது. ஒரு மூடை எத்தனை கிலோ என்று நான்கு பேரிடம் கேளுங்கள், நான்கு பதில் வரும். வாங்க வருகிறவர் "கழிவு" என்று மூடைக்கு இரண்டு கிலோ எடுத்துவிட்டுப் போவார். மூடை என்ற சொல் இருக்கும் வரைக்கும்தான் அந்தக் கழிவு. கிலோவுக்கு இவ்வளவு என்று பேசினால் கழிவு எங்கே ஒளியும்?

தங்கமும் அப்படித்தான். 85 கிராம் என்று நிஸாபைச் சொல்கிறார்கள், நாம் கையில் இருப்பதைப் பவுணில் எண்ணுகிறோம். ஒரு பவுண் எட்டுக் கிராம். பத்தரைப் பவுண் 84 கிராம், பதினொரு பவுண் 88. நகை 22 கரட் என்பதால் எட்டுக் கிராமில் சுத்தத் தங்கம் ஏழு கிராமும் கொஞ்சமும்தான், அதைக் கழிப்பதா இல்லையா என்பதை உங்கள் ஆலிமிடம் கேளுங்கள். ஆனால் கேட்கப் போகும்போது பவுணை விட்டுக் கிராமில் நிறுத்துக்கொண்டு போங்கள். (கலியாணப் பேச்சில் பவுண் எண்ணுகிறவர்களுக்கு நாம் எந்த அளவு முறையையும் சிபாரிசு செய்யவில்லை.)

சென்ற முறை இதைப் பற்றிச் சுருக்கமாக எழுதியபோது ஒரு சகோதரர் கருத்துப் போட்டிருந்தார், "மீற்றரும் கிலோவும் மேற்கத்தையவன் திணித்தது, ஸாஉவும் றாத்தலும்தான் நம்முடையது" என்று. அவருக்குக் கோபம் இல்லாமல் பதில் சொல்ல விரும்புகிறோம். றாத்தல் என்ற சொல் அரபியின் ரத்ல் என்பதிலிருந்து போர்த்துக்கேயர் வாயால் நம்மிடம் வந்தது, உண்மை. ஷாபிஈ மத்ஹபில் குல்லத்தைன் தண்ணீர் 500 பக்தாத் ரத்ல் என்று ஓதியவர்களுக்குத் தெரியும். ஆனால் நம் கடைகளில் தொங்கிய றாத்தல் பக்தாத் றாத்தல் அல்ல, 453.6 கிராம் கொண்ட ஆங்கிலேயருடைய பவுண்ட். பெயர் அரபு, படி லண்டன். அடியும் அங்குலமும் பேர்ச்சஸும் அவர்கள் விட்டுப்போனவைதான். இன்னொன்று, ரத்ல் என்ற சொல்லே கிரேக்கத்தின் லித்ரா என்பதிலிருந்து வந்தது. லீற்றர் என்ற சொல்லும் அந்த லித்ராவில் இருந்துதான் பிறந்தது. றாத்தலும் லீற்றரும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள்.

பூமியை அளந்து அளவுகோல் செய்வதும் மேற்கின் தனிச் சொத்து இல்லை. பிரெஞ்சுக்காரர்கள் 1790களில் துருவத்துக்கும் நிலநடுக்கோட்டுக்கும் இடைப்பட்ட தூரத்தைக் கோடியால் பிரித்து மீற்றர் என்றார்கள். அதற்கு ஒன்பது நூற்றாண்டுகளுக்கு முன்பு கலீபா மஃமூனின் வானியலாளர்கள் சின்ஜார் சமவெளியில் கயிறு பிடித்து, பூமியின் ஒரு பாகை எவ்வளவு தூரம் என்று அளந்திருக்கிறார்கள். இதை நாம் பெருமைக்குச் சொல்லவில்லை. பெருமை பேசிப் பேசியே அளக்க மறந்துபோனோம் என்பதும் நமக்குத் தெரியும். அளவில் குறைப்பவர்களைப் பற்றிக் குர்ஆனில் ஒரு சூராவே இருக்கிறது, அல் முதப்பிபீன். சுஐப் நபியின் சமூகம் எதற்காகக் கண்டிக்கப்பட்டது என்று மதரஸாப் பிள்ளைகளும் சொல்வார்கள். அந்த வரலாற்றைப் பிரசங்கத்தில் கேட்டுவிட்டு வந்து, அப்படியே பழைய தராசில் நிறுத்து வாங்கிக்கொண்டு போகிறோம்.

அளவு சோற்றோடு சம்பந்தப்பட்டது என்பதை இந்த நாடு ஒரு தடவை பார்த்திருக்கிறது. 1953இல் ஒரு கொத்து அரிசி 25 சதத்திலிருந்து 70 சதமாக ஏறியபோதுதான் அந்தப் பெரிய ஹர்த்தால் வந்தது. விலை ஏறினால் எல்லாருக்கும் தெரிகிறது, சத்தம் போடுகிறோம். அளவு இறங்கினால் தெரிவதில்லை. பாண் அதற்கு நல்ல உதாரணம். ஒரு றாத்தல் பாண் என்று இன்றைக்கும் கேட்கிறோம். 2024இல் வர்த்தமானி போட்டு ஒரு பாண் 450 கிராம், அரைப் பாண் 225 கிராம் என்று விதித்தார்கள். 450 கிராமில் 13.5 கிராம் வரை குறையலாம், அதற்கு மேல் குறையக் கூடாது. வகுப்பில் ஒரு நாள் வெவ்வேறு கடைப் பாண்களை நிறுத்தோம். சிலது சரி. ஒன்று 400 கிராமையும் தொடவில்லை. எந்தக் கடை என்று எழுதமாட்டோம், அந்தக் கடைக்காரரிடம் நேரில் போய்ச் சொன்னோம். அவர் கோபிக்கவில்லை. மாப்பிசையும் ஆள் தராசு பார்ப்பதில்லை, கைக்கணக்கில் வெட்டுகிறான் என்றார். இப்போது அங்கே தராசு வைத்திருக்கிறார்கள், போகும்போது பாருங்கள்.

தையல்கார ராத்தாமார் அங்குல நாடாவை வீச வேண்டும், உம்மாமார் சுண்டை உடைக்க வேண்டும் என்றெல்லாம் நாம் கேட்கவில்லை. சோற்றுக்கு எத்தனை சுண்டு போடுவது என்பது அந்தந்த வீட்டின் கைப்பழக்கம், அதில் யாருக்கும் நட்டமில்லை. வீட்டைத் தாண்டி இன்னொருவருடைய உரிமையைத் தொடுகிற இடங்களில் மட்டும், அதாவது பித்ராவில், ஸகாத்தில், வாரிசுக் காணியில், நெல் விற்பதில், பிள்ளையின் மருந்தில், கிலோவும் மீற்றரும் மில்லிலீற்றரும் என்று ஒரே பேச்சாகப் பேசுவோம் என்கிறோம். மருந்தைச் சொன்னதும் ஞாபகம் வருகிறது. பாணி மருந்துப் போத்தலில் 5 மில்லிலீற்றர் என்று போட்டிருந்தால் அது போத்தலோடு வருகிற சின்னக் கோப்பையின் கோடு. தேக்கரண்டி என்று வீட்டில் கையில் அகப்படுகிற கரண்டி அல்ல. சாப்பாட்டுக் கரண்டியில் அதைப் போல மூன்று மடங்கு கொள்ளும்.

பள்ளி நிர்வாகங்களுக்கு ஒரு தாழ்மையான வேண்டுகோள். இந்த முறை பித்ரா அறிவித்தலில் "ஒரு ஸாஉ" என்று மட்டும் போடாமல் எத்தனை கிலோ எத்தனை கிராம் என்று பெரிதாக எழுதுங்கள். பள்ளி வாசலில் முத்திரையிட்ட தராசு ஒன்று வையுங்கள். கொண்டுவருகிறவர் அங்கேயே நிறுத்துக் கொடுக்கட்டும், குறைந்தால் அந்த இடத்திலேயே சேர்க்கட்டும். காணிப் பிணக்குகளைப் பேசித் தீர்க்கிற பெரியவர்களுக்கும் ஒரு வார்த்தை. பங்கு எழுதும் தாளில் பேர்ச்சஸுக்குப் பக்கத்தில் சதுர மீற்றரையும் எழுதி, கையெழுத்துப் போடுகிற பெண்ணுக்கு வாசித்துக் காட்டுங்கள்.

வருகிற சனிக்கிழமை அஸர் தொழுகைக்குப் பிறகு பாடசாலை மண்டபத்தில் ஏழாம், எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் தராசோடு இருப்பார்கள். உங்கள் வீட்டுச் சுண்டைக் கொண்டுவாருங்கள். எத்தனை கிராம் கொள்கிறது என்று நிறுத்து, அழியாத மையால் அடியில் எழுதித் தருவார்கள். காய்ச்சல் மானி வைத்திருப்பவர்கள் அதையும் கொண்டுவாருங்கள், 37, 38, 39 என்றால் என்னவென்று ஒரு சின்ன அட்டை ஒட்டித் தருவோம். பழைய உறுதி, காணிப் படம் வாசிக்கத் தெரியாத உம்மாமார் தனியாக வந்தால் நாங்கள் ஒரு மேசை ஒதுக்கியிருக்கிறோம். பெண் ஆசிரியர்கள் மட்டும் இருப்போம். அரிசி நாங்கள் வைத்திருக்கிறோம், நீங்கள் சுண்டை மட்டும் எடுத்து வந்தால் போதும்.